கவர்னரைக் கழற்றலாமா? மினி பைக் எஞ்சின்: கேள்வி-பதில்

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் 196 சிசி பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஜெனரேட்டரிலிருந்து கழற்றியது என்கிறார் கடைக்காரர். மினி பைக்குக்கு எடுக்கலாமா? (கொருக்குப்பேட்டை வாசகர்)

பதில்: விலை பேசுவதற்கு முன், எஞ்சினிலிருந்து வெளியே நீளும் சுழல் தண்டான ஷாஃப்டைப் பாருங்கள். ஜெனரேட்டருக்கென்று வந்த எஞ்சின்கள் பலவற்றில் ஷாஃப்ட் நுனியை நோக்கிக் கூம்பாகக் குறுகியிருக்கும். தண்ணீர் பம்புக்கென்று வந்தவை சிலவற்றில் மரை வெட்டியிருக்கும். சுற்று கூடினால் தானாகப் பிடிக்கும், மினி பைக்கில் மாட்டும் சென்ட்ரிஃபியூகல் கிளட்சுக்கோ, கீ (கிளட்சையும் ஷாஃப்டையும் பிணைக்கும் சிறு உலோகத் துண்டு) உட்காரப் பள்ளம் வெட்டிய நேரான ஷாஃப்ட் வேண்டும். அதிலும் 19.05 மி.மீ., 20 மி.மீ. என இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கூம்பு ஷாஃப்டை லேத்தில் கடைந்து நேராக்கித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. கடைந்தபின் மிஞ்சும் கனத்தை நான் நம்புவதில்லை.

பெரிய டேங்குடன் சிறிய பெட்ரோல் டேங்கும் சேர்ந்திருந்தால், அது பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினாக இருக்கலாம். மண்ணெண்ணெய்க்காக அமுக்க விகிதத்தைக் குறைத்து வடிவமைத்த அவ்வகை எஞ்சினில் பிக்கப்பை எதிர்பார்க்க முடியாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எஞ்சினின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால் வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேறு எதையும் மாற்றாமல் அதை மட்டும் எடுத்துவிடலாமா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் எடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஹோண்டா ஜிஎக்ஸ்200 வகை 196 சிசி எஞ்சின்கள் நிமிடத்துக்கு 3,600 சுற்று என்ற அளவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கவர்னர் என்பது இதுதான்: கிராங்க் கேஸுக்குள் சுழலும் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றில் சிறு எடைகள் பொருத்தப்பட்டிருக்கும். சுற்று கூடக் கூட அந்த எடைகள் விரிந்து, ஒரு நெம்புகோல் வழியாகக் கார்புரேட்டரின் திராட்டிலை (கலவை செல்லும் வழியைத் திறந்து மூடும் தகடு) மூடச் செய்யும். அதை எடுத்துவிட்டால், சுமை இல்லாத நேரத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகும்போது, வால்வு ஸ்பிரிங்குகள் ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறும் எல்லை வரை எஞ்சின் ஏறிக்கொண்டே போகும்.

உள்ளே சுழலும் பாகங்களின் மீதுள்ள விசை, சுற்று கூடும் அளவில் கூடாமல் அதன் வர்க்கத்தில் கூடுகிறது. 3,600 சுற்று 5,400 ஆனால் சுற்று ஒன்றரை மடங்கு, விசையோ 2.25 மடங்கு. இந்த எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வார்ப்பு அலுமினியம். அதில் தனி பேரிங் கிடையாது, அடியில் உள்ள சிறு நாக்கு வாரியடிக்கும் ஆயிலை நம்பியே அது கிராங்கில் சுழல்கிறது. கிராங்க் நுனியில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. ராட் ஒடிந்தால் எஞ்சின் போகும். ஃப்ளைவீல் வெடித்தாலோ, தகர மூடியைக் கிழித்துக்கொண்டு துண்டுகள் பாயும் இடம் ஓட்டுபவரின் முழங்காலுக்கு அருகில்தான் இருக்கிறது. ஆகவே கவர்னரை எடுப்பதென்றால், முழுக்கட்டி அலுமினியத்தில் கடைந்த ராடையும் ஃப்ளைவீலையும் முதலில் வாங்கி மாட்டுங்கள். அதற்குப் பணமில்லாதவரை கவர்னர் உள்ளேயே இருக்கட்டும். வால்வு ஸ்பிரிங்கை மட்டும் கடினமானதாக மாற்றுவது இருப்பதிலேயே மோசமான யோசனை. மிச்சமிருக்கும் ஒரே தடையையும் அது நீக்கிவிடுகிறது.

கேள்வி: ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் திறப்பானவையாக மாற்றினேன். பாதி திராட்டில் வரை நன்றாக ஓடுகிறது, முழுதாகத் திருகினால் திணறுகிறது. (தாம்பரம் வாசகர்)

பதில்: காற்று கூடியிருக்கிறது, பெட்ரோல் கூடவில்லை. முழு திராட்டிலில் ஓடும்போது சோக்கைச் சற்றே மூடிப் பாருங்கள். திணறல் குறைந்தால் கலவை மெலிந்திருப்பது உறுதி. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி ஓட்டி, முழு வேகத்திலேயே எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் இன்னும் பெரிய ஜெட் வேண்டும். கரி படிந்திருந்தால் அளவு மீறிவிட்டது. வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. பழைய ஜெட்டையே ஊசியால் குடைந்து பெரிதாக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். துளை கோணலாகிவிட்டால் எந்த அளவில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

இன்று பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் இதில் சேர்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 பங்குதான் தேவை; எனவே பழைய ஜெட் தானாகவே மெலிந்த கலவையைத் தருகிறது. மேலும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றுள்ள நம் ஊரில் பல வாரங்கள் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

கேள்வி: அழகுக்காக எஞ்சின் மேலுள்ள தகர மூடியை எடுத்துவிடலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: கூடாது. ஃப்ளைவீலின் இறக்கைகள் தள்ளும் காற்றைச் சிலிண்டர் மீது திருப்பிவிடுவது அந்த மூடிதான். மே மாத வெயிலில் மூடியில்லாமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட்டுக்கு ஆயுள் குறைவு.

கேள்வி: எஞ்சினைத் தொடாமல் பிக்கப்பைக் கூட்ட வழி உண்டா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. செயின் ஓடும் பல்சக்கரங்களில் (ஸ்பிராக்கெட்) கிளட்சில் 10 பல், பின்சக்கரத்தில் 60 பல் என்றால் விகிதம் ஆறுக்கு ஒன்று. 90/100-10 அளவுள்ள ஸ்கூட்டர் டயரின் வெளிவிட்டம் சுமார் 434 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 1.36 மீட்டர். 3,600 சுற்றில் சக்கரம் 600 முறை சுற்றும், வண்டி மணிக்கு 49 கி.மீ. போகும். பின்னால் 72 பல் போட்டால் உச்ச வேகம் 41 கி.மீ. ஆகக் குறையும், ஆனால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடும். கிளட்ச் 2,000 சுற்றை ஒட்டிப் பிடிப்பதால், பல் குறைவான பின் ஸ்பிராக்கெட்டோடு மெதுவாக ஊர்ந்தால் அது வழுக்கிக்கொண்டே இருந்து கருகும். சிறிய வண்டிக்கு, அதுவும் ஒற்றை டிரம் பிரேக்கை நம்பி ஓடும் வண்டிக்கு, 41 கி.மீ. தாராளம்.

கேள்வி: பதினைந்து வயது மகன் எங்கள் லேஅவுட் சாலையில் மட்டும் ஓட்டலாமா? (மேடவாக்கம் வாசகர்)

பதில்: முடியாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, நான்குக்கும் குறைவான சக்கரங்களும் 25 சிசிக்கு மிகாத எஞ்சினும் உள்ளவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. 196 சிசி வண்டி பதிவு இல்லாமல் பொது இடத்தில் ஓடக் கூடாது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள லேஅவுட் சாலையும் பொது இடமே. சிறுவர் ஓட்டிச் சட்டத்தை மீறினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வேலியடைத்த சொந்த நிலத்தில், ஹெல்மெட்டுடன், ஹேண்டில்பாரில் கைக்கெட்டும் தூரத்தில், எஞ்சினை உடனே அணைக்கும் கில் ஸ்விட்ச் பொருத்தி ஓட்டட்டும்.