"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு": பேச்சுத் தாமதம் பற்றி வாசகர் கேள்விகள்

இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகளைப் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன, பாதிக்கு மேல் அம்மாக்கள் எழுதியவை. பேச்சுப் பயிற்சியாளராக இந்தக் கேள்விகளைத் தினமும் கேட்கிறேன். ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

என் மகனுக்கு 2 வயது 2 மாதம். ஏ, பி, சி, டி முழுக்கச் சொல்கிறான், போனில் கேட்ட ரைம்ஸை ராகத்தோடு பாடுகிறான், ஆனால் "அம்மா" என்று கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் குடத்தின் மேல் வைக்கிறான். மாமியார் "அவங்க அப்பாவும் மூணரை வயசுலதான் பேசினான்" என்கிறார். டாக்டரும் 3 வயது வரை பார்க்கலாம் என்றார். காத்திருக்கலாமா?
*(வாசகி, தஞ்சாவூர்)*

காத்திருக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. தாமதமாகப் பேச ஆரம்பித்து, பள்ளியில் சேர்வதற்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு, சில குடும்பங்களில் அது வழிவழியாகவும் வரும். ஆனால் எந்தப் பிள்ளை தானாக எட்டிப் பிடிக்கும், எதற்குக் கை கொடுக்க வேண்டும் என்று இரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் உங்களுக்குப் போனது ஒரு நாள் லீவும் பஸ் காசும்தான். ஏதோ இருந்து நாம் விட்டுவிட்டால், மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும் மாதங்கள் போய்விடும், அவை திரும்ப வராது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பேச்சு அல்ல, அந்தக் குடம். உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்காமல், விரலை நீட்டிக் காட்டாமல், உங்கள் கையை ஒரு கரண்டி மாதிரி எடுத்துப் பயன்படுத்துகிறான். ரைம்ஸ் முழுக்கப் பாடுகிறவனுக்கு "தண்ணி" என்ற ஒரு சொல் வரவில்லை. அப்படியென்றால் ஞாபகமும் குரலும் நன்றாக இருக்கின்றன, இன்னொருவரிடம் ஒன்றைச் சொல்வதற்கு அவற்றைப் பயன்படுத்துவதில்தான் எங்கோ தடை. எத்தனை வார்த்தை என்று எண்ணுவதை விட இதைப் பார்ப்பது முக்கியம்.

நம் வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவோமே, அதை யோசித்துப் பாருங்கள். நீங்கள் விரலை நீட்டுகிறீர்கள், பிள்ளை உங்கள் விரலைப் பார்க்காமல் விரல் போகும் திசையில் வானத்தைப் பார்க்கிறது, பார்த்துவிட்டு "நீயும் பார்த்தியா" என்பது போல உங்கள் முகத்துக்குத் திரும்புகிறது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இதைச் செய்துவிடும். அப்புறம் தானே நாயையும் லாரியையும் சுட்டிக்காட்டும், எடுத்துத் தரச் சொல்லி அல்ல, சும்மா நமக்குக் காட்டுவதற்காக. பேச்சு முளைப்பது இந்த இடத்தில்தான். உள்ளங்கையில் பருப்பு கடைந்து நண்டு ஊர விடும் விளையாட்டையும் விளையாடிப் பாருங்கள். விரல் அக்குளுக்கு வரும் முன்பே எதிர்பார்த்துச் சிரிக்கிறானா, முடிந்ததும் "இன்னொரு தடவை" என்று கையை நீட்டுகிறானா?

வயதுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்களாவது வேண்டும். மம்மு, இங்கா, மாட்டுக்கு "ம்மா" எல்லாம் சொல்தான், ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். இரண்டு வயதில் "தண்ணி தா", "அப்பா வா" என்று இரண்டைச் சேர்க்க வேண்டும். குறைமாதக் குழந்தையாக இருந்தால் எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துக் கணக்குப் பாருங்கள், இரண்டு வயது வரை இந்தக் கழிவு பொருந்தும். ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரி வித்தியாசம் சிறிதுதான், அது உங்கள் மகனுடைய தாமதத்தை விளக்காது. வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனால், சிரிப்பும் டாட்டாவும் மறைந்துபோனால், அதே வாரம் கிளம்புங்கள்.

முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. "பாத்திரம் விழுந்தா திரும்புறானே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பல வருஷம் முன்பு ஒரு பெண் குழந்தையை ஆட்டிசம் என்றே முடிவுகட்டி அழைத்து வந்தார்கள், பாத்திரச் சத்தத்துக்கும் கதவுச் சத்தத்துக்கும் திரும்புவாள். சத்தத்துக்கு மூளை தரும் பதிலை அளக்கும் பெரா டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் பேச்சைக் கேட்கும் அளவுக்குக் காது கேட்கவில்லை. கருவி மாட்டிய பிறகு அவள் அம்மாவின் குரலுக்குத் திரும்பியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தூங்க வைத்து எடுக்கும் டெஸ்ட், வலிக்காது.

தனியாரில் செலவு செய்ய முடியாவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வரும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் அது, சிகிச்சை இலவசம். உங்கள் டாக்டரிடமும் மரியாதையாகவே சொல்லுங்கள்: "பார்க்கலாம் சார், அதுவரைக்கும் ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்க."

நானும் கணவரும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறோம். பையனை என் அம்மாதான் வளர்க்கிறார். சமையல் செய்யும்போது போனைக் கொடுத்துவிடுவார். இப்போது ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். கணவர் வீட்டில் "வேலைக்குப் போயி பிள்ளையைப் போன்கிட்ட விட்டுட்டே" என்று தினமும் சொல்கிறார்கள். என்னால்தான் வந்ததா?
*(வாசகி, திருப்பூர்)*

இல்லை அம்மா. உங்களால் வரவில்லை, உங்கள் அம்மாவால் வரவில்லை, போனாலும் வரவில்லை.

மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு ஆட்டிசம். அது பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தாயைக் குற்றம் சொல்வது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை விவரித்தார். அதற்குப் பிறகு சுமார் 20 வருஷம், அம்மா பாசமில்லாமல் இருந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று படித்த டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா, 1964-இல் அதை மறுத்து எழுதினார். அங்கே உடைந்துபோன அந்தக் கதையை நம் வீட்டுத் திண்ணையில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற கதையும் இப்படித்தான். 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்து அதைக் கிளப்பிவிட்ட கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

அதற்காகப் போன் நல்லது என்று சொல்லவில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. போன் ஓடும் நேரத்தில் மனித முகம் இல்லை, பதிலுக்குப் பதில் இல்லை. போனை நிறுத்தியதும் நன்றாகப் பேச ஆரம்பித்த பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் நிறுத்தினால் மட்டும் போதும் என்று பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

உங்கள் அம்மாவிடம் போனைப் பிடுங்கினால் அவர் எப்படிச் சமைப்பார்? அதனால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். காய் நறுக்கும்போது பையனையும் எதிரில் உட்கார வைத்து, ஒரு காயைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து "கத்திரிக்கா" என்று சொல்லிக் கையில் தரட்டும். பிஸ்கட்டை முழுசாகக் கொடுக்காமல் பாதி கொடுத்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்கட்டும். பையன் பார்த்தாலும் சரி, கையை நீட்டினாலும் சரி, "ஊ" என்றாலும் சரி, உடனே "இன்னும்" என்று சொல்லி மீதியைக் கொடுக்கட்டும். "சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" வேண்டாம். அந்த மிரட்டலில் பிள்ளைகள் வாயை இன்னும் இறுக்கிக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பெங்களூரில் இருக்கிறோம். நான் தமிழ், கணவர் தெலுங்கு, டே கேரில் கன்னடமும் இங்கிலீஷும். 20 மாத மகளுக்கு நாலைந்து சொற்கள்தான். குழப்பம் வருகிறது, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள். தமிழை விட்டுவிடட்டுமா?
*(வாசகி, பெங்களூரு)*

விடாதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இரண்டு மொழி வரும். எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும்: உங்களிடம் "பால்", அப்பாவிடம் "பாலு", டே கேரில் "மில்க்" என்றால் அது மூன்று சொல். கோபத்திலும் கொஞ்சலிலும் உங்களுக்குத் தானாக வரும் மொழி எதுவோ அதில் பேசுங்கள். தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் பேசும் அம்மா குறைவாகத்தான் பேசுவார். எல்லா மொழியும் சேர்த்தே நாலைந்து சொல்தான் என்றால், மொழியைக் காரணம் காட்டாமல் காதையும் வளர்ச்சியையும் பரிசோதியுங்கள்.

பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. திருக்கோலக்கா ஓசைநாயகி அம்மனுக்கு வேண்டியிருக்கிறோம். நாக்கில் வசம்பு தடவுகிறோம். நாக்குக்கு அடியில் ஒட்டு இருக்கிறது, அறுத்தால் பேச்சு வரும் என்கிறார்கள். செய்யலாமா?
*(வாசகர், மயிலாடுதுறை)*

வேண்டுதலை நிறைவேற்றுங்கள் ஐயா, அதே மாதத்தில் பெரா டெஸ்ட்டையும் முடித்துவிடுங்கள். வசம்பால் பேச்சு வராது, நிறுத்திவிடுங்கள். நாக்கு ஒட்டு சில ஒலிகளைச் சரியாக உச்சரிக்க இடைஞ்சலாக இருக்கலாம், ஆனால் பேச்சே வராமல் தடுக்காது. நாக்கு ஒட்டியிருக்கும் பிள்ளையும் "தாத்தா எங்கே" என்றால் உங்களைப் பார்க்கும், விரலால் காட்டும். பேத்தி அப்படிச் செய்கிறாளா என்று எழுதவில்லையே.

மகளுக்கு 22 மாதம். எம்-சாட் கேள்விகளுக்குப் பதில் போட்டேன், 9 வந்தது. ஆட்டிசம் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்கிறார்கள். 9 என்றால் உறுதியா? மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்கினால் எதிர்காலம் கெட்டுவிடுமோ என்று மனைவி அழுகிறாள்.
*(வாசகர், நாகர்கோவில்)*

16 முதல் 30 மாதப் பிள்ளைகளிடம் ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் 20 கேள்விகள் அவை, தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அது சல்லடை, தீர்ப்பு இல்லை. 2 வரை வந்தால் கவலை குறைவு, ஆனாலும் இரண்டு வயது முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். 3 முதல் 7 வந்தால் அதே கேள்விகளை விளக்கமாக ஒருமுறை கேட்பார்கள். 8-ஓ அதற்கு மேலோ என்றால் நேராக மதிப்பீட்டுக்குப் போக வேண்டும், நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். அமெரிக்காவில் நடந்த ஆய்வில், இரண்டு கட்டத்திலும் மாட்டிய பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது, ஆனால் மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு வேறு ஏதாவது வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது. அதனால் 9 வந்த பிள்ளைக்கு உதவி தேவைப்படும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் வரும். ஆண்களிடம் மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கிறார்கள், பெண்களிடம் பல நேரம் "கூச்ச சுபாவம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

சர்டிபிகேட் வேறு, சிகிச்சை வேறு. பயிற்சி தொடங்க எந்த அட்டையும் வேண்டாம், இன்னது என்று பெயர் முடிவாகும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஆட்டிசம் எந்த அளவு என்று மதிப்பிடும், 40 கேள்விகள் கொண்ட ஐசா என்ற அளவுகோல் பின்னால் சான்றிதழுக்கு வரும், அது 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் உரிமைகளுக்கும், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் உதவும். வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம். உங்கள் மனைவி அழட்டும், அழ வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு மட்டும் இருவரும் சேர்ந்து போங்கள். ஒரே மருந்தில் குணமாக்குகிறேன் என்பவர்களிடமும், ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடமும் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே சொல்லிவிட்டது.

போகும்போது போனில் வீடியோக்கள் எடுத்துப் போங்கள், புது இடத்தில் பிள்ளை வீட்டில் இருப்பது போல இருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சாப்பிடுவது, தனியாக விளையாடுவது என்று இரண்டிரண்டு நிமிஷம் போதும். கூப்பிட்டுத் திரும்பாததை மட்டும் எடுக்காதீர்கள். எதைப் பார்த்தால் ஓடி வருகிறாள், எதற்கு வயிறு குலுங்கச் சிரிக்கிறாள், அதையும் எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சிரிக்கிறாள் என்றால் எங்கள் முதல் வகுப்பு ஒரு வாளித் தண்ணீரோடுதான் தொடங்கும்.