இலண்டனுக்குப் போன மனு: கொள்ளுத்தாத்தாவின் கோப்பு எங்கே இருக்கும்?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா சிங்கப்பூரில் அரசாங்க எழுத்தராக இருந்து வேலைநீக்கம் செய்யப்பட்டவர். இலண்டனுக்கே மனு எழுதினார் என்று வீட்டில் சொல்வார்கள். 'கலோனியல் செக்ரட்டரி' அலுவலகம் 1912 நவம்பரில் அனுப்பிய மூன்று வரிப் பதில் மட்டும் எங்களிடம் இருக்கிறது: அமைச்சர் தலையிடக் காரணம் ஏதும் இல்லை என்று. இலண்டன் காப்பகத்தின் இணையப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. மனு அழிந்துவிட்டதா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: அழிந்திருக்கும் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். பெயரைக் கொண்டு தேடியதுதான் சிக்கல்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் கடிதத்தைப் பார்ப்போம். அது இலண்டனிலிருந்து வந்ததன்று. 'கலோனியல் செக்ரட்டரி' என்பவர் சிங்கப்பூரிலேயே ஆளுநருக்கு அடுத்த நிலையில் இருந்த தலைமைச் செயலர். கடிதம் குறிப்பிடும் அமைச்சர், இலண்டனில் காலனிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1912-இல் லூயிஸ் ஹார்கோர்ட். இந்த இரு பதவிகளையும் ஒன்றெனக் கொண்டு தவறான இடத்தில் தேடியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காலனி ஊழியர் எவரும் அமைச்சருக்கு நேரடியாக எழுத முடியாது. எழுதினாலும் மனு ஆளுநரின் கருத்தைக் கேட்டுத் திரும்பி வரும். ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் மனு அன்றைய ஆளுநர் சர் ஆர்தர் யங்கின் எண்ணிட்ட மடல் ஒன்றுக்கு இணைப்பாகக் கப்பலேறியிருக்க வேண்டும். ஊழியர் மன்னரின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருக்கலாம் என்பது அக்காலச் சட்டக் கொள்கை. வேலை போனால் நீதிமன்றத்தில் பெரிதாக வழியில்லை. மனு ஒன்றே வழி. அதனால்தான் அவ்வளவு தூரம் எழுதினார்.

இலண்டனில் அந்த அமைச்சரின் துறையான காலனி அலுவலகத்தின் கிழக்குப் பிரிவு அந்த மடலுக்கு ஓர் உறை போட்டது. எங்கிருந்து வந்தது, என்ன பொருள், முந்தைய கோப்பு எது, பிந்தையது எது என்று உறையின் மேல் எழுதினார்கள். அதன்பின் இளநிலை அலுவலர் தம் கருத்தைக் குறிப்பார். மேலுள்ளவர் ஒப்புவார் அல்லது மறுப்பார். சாதாரண மனுக்களில் பெரும்பாலானவை அமைச்சர் கண்ணில் படாமலே அவர் பெயரில் முடிவாகிவிடும். ஆராய்பவருக்கு இந்தக் குறிப்புகள்தான் புதையல். உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த மூன்று வரிக்குப் பின்னால், ஆளுநர் அவரைப் பற்றி என்ன சொன்னார், யாராவது அவருக்காகப் பரிந்தார்களா என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். மனு இணைப்பாகவே இருந்தால் அவருடைய கையெழுத்தையும் பார்க்கலாம்.

இந்த மடல்கள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில், இலண்டனின் கியூ பகுதியில், 'சிஓ 273' (CO 273; சிஓ என்பது காலனி அலுவலகம்) என்ற வரிசையில் உள்ளன. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலியவை சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் காலனியான நீரிணைக் குடியேற்றங்களின் மூலக் கடிதப் போக்குவரத்து அது. இணையப் பட்டியல் பெரும்பாலும் தொகுதியின் ஆண்டையும் மாதத்தையும் மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் மனுதாரர் பெயரைச் சொல்லாது. சொன்னாலும் நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கிருஷ்ணன் 'கிஸ்ட்னன்' ஆவார். தேதிதான் உங்கள் திறவுகோல். அஞ்சல் ஒரு வழிக்கு மூன்று, நான்கு வாரம் எடுத்த காலம் அது. நவம்பர்ப் பதிலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுநர் அனுப்பிய மடல்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள்.

இதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. இந்த வரிசையின் நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருள்கள் சிங்கப்பூர் கேனிங் ரைஸில் உள்ள நமது தேசிய ஆவணக் காப்பகத்திலேயே உண்டு. 1912-க்கான சுருள் எது என்பதை அங்குள்ள அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சிங்கப்பூர்த் தலைமைச் செயலகக் கோப்புகளில் பெரும்பகுதி இன்று இல்லை என்பதால், இலண்டனுக்குப் போன நகல்தான் நமக்கு மிஞ்சிய சாட்சி. சுருள் அறைக்குப் போகுமுன் அரசிதழில் அவருடைய நியமனத்தையும், தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் அவ்வாண்டுச் செய்திகளையும் பார்த்துவிடுங்கள். துறை எது என்று தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

இதே சிக்கல் உள்ள மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல். 1867 ஏப்ரல் 1 வரை சிங்கப்பூர் இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தது. அதற்கு முந்தைய மனுக்கள் கல்கத்தாவுக்குப் போனவை. அவற்றுக்கு நமது காப்பகத்தின் நீரிணைக் குடியேற்ற ஆவணங்களையும், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களையும் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் குடியேற்றம் பற்றியதென்றால் காகிதம் மதராசுக்கும் போயிருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கோப்பு கிடைத்தால் கடிதத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். உறையையும் குறிப்புத் தாள்களையும் சேர்த்து எடுங்கள். பிந்தைய கோப்பின் எண் அங்கே இருந்தால், அவர் இரண்டாம் முறையும் எழுதியிருக்கலாம்.