கண்டுபிடிப்பாளர்களை உந்துவது எது? ஒரு கண்டுபிடிப்பு ஜெயிக்க என்ன வேண்டும்?

பணம், புகழ், ஆர்வம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் தொடங்கி வைப்பது எரிச்சல்தான். தினமும் வந்து நிற்கும் ஒரே எரிச்சல். செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் இருந்தார். ஆவணங்களுக்குப் பிரதி எப்போதும் போதாது. எழுத்தென்றால் மறுபடி தட்டச்சு, வரைபடமென்றால் புகைப்படம். மூட்டுவாதம் வேறு. இன்று நாம் ஜெராக்ஸ் என்கிற உலர் நகலெடுப்பு அங்கிருந்து வந்தது.

1938 அக்டோபர் 22 அன்று அவரும் உதவியாளரும் துத்தநாகத் தகட்டில் கந்தகம் பூசி, துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். எழுத்துள்ள கண்ணாடியை மேலே வைத்து விளக்கொளி காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிடும், எழுத்தின் நிழலில் மட்டும் தங்கும். தூவிய தூள் அங்கே ஒட்டியது. மெழுகுத்தாளில் அழுத்தி எடுத்தார்கள். அவ்வளவுதான்.

அலுவலகத்துக்கேற்ற ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரம் வர இன்னும் 21 ஆண்டுகள் ஆயின. இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைவிரித்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்தது மங்கலான ஒரு எழுத்துப் பதிவை. கடைசியில் இதை ஏற்றுக்கொண்ட பேட்டெல் ஆய்வகத்தில்தான் கந்தகத்துக்குப் பதில் ஒளியுணர்வு மிகுந்த செலினியம் வந்தது, துணிக்குப் பதில் உயர் மின்னழுத்தக் கம்பி வந்தது, எழுத்தில்லாத வெற்றுப் பகுதியிலும் தூள் அப்பாமலிருக்கத் தூளோடு பருமனான மணிகள் சேர்ந்தன. யோசனை ஒன்று, அதைச் சுமக்கும் பொருளும் செய்முறையும் வேறு. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திர மேம்பாட்டுக்கு 1769-ல் காப்புரிமை வாங்கியும் தவித்தது இதனால்தான்: உருளை வட்டமாக இல்லாததால் நீராவி கசிந்தது. பீரங்கி துளைக்க இரும்பு உற்பத்தியாளர் வில்கின்சன் 1774-ல் செய்த இயந்திரம் வந்த பிறகே சரியான உருளை கிடைத்தது.

பின்னாளில் ஜெராக்ஸ் என்று பெயர் மாறிய ஹாலாய்ட் நிறுவனம் 1949-ல் விற்ற முதல் நகல் இயந்திரத்தில் ஒரு பிரதிக்குக் கையால் முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். அலுவலகங்கள் சீந்தவில்லை, ஆஃப்செட் அச்சுக்குத் தகடு செய்பவர்கள் வாங்கியதால் பிழைத்தது. முதல் வாடிக்கையாளர் நீங்கள் நினைத்தவராக இருக்க வேண்டியதில்லை.

914-ஐ விலைக்கு விற்றிருந்தால் முடங்கியிருக்கும். மாத வாடகை 95 டாலர், 2000 பிரதிகள் அதில் அடக்கம், மேலே போனால் மீட்டர்படி சில சென்ட். எவ்வளவு நகல் தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், வாங்குபவரின் பயத்தை இது எடுத்துவிட்டது. பழக்கம் வந்ததும் நகலுக்கும் நகல் எடுத்தார்கள்.

நீங்கள் ஏதாவது செய்துகொண்டிருந்தால், மாதிரியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பையில்லாத தூசு உறிஞ்சிக்கு டைசன் இப்படித்தான் 5,127 மாதிரிகள் வரை போனார். யாருக்கும் காட்டுவதற்கு முன் காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் முன்கூட்டி வெளியிட்டதே புதுமையைக் கெடுத்துவிடும். அடிப்படை யோசனைக்கு மட்டும் வாங்கிவிட்டு உட்காரவும் கூடாது. கார்ல்சனின் முக்கியக் காப்புரிமை 1942 அக்டோபரில் கிடைத்தது, அன்றைய ஆயுள் 17 ஆண்டுகள். 914 அறிமுகமானது 1959 செப்டம்பரில். அடுத்த மாதமே அந்தக் காப்புரிமை காலாவதி. அதன்பின் போட்டியாளர்களைத் தடுத்து நிறுத்தியது, இடைப்பட்ட ஆண்டுகளில் மேம்பாடுகளுக்குத் தனித்தனியாக வாங்கி வைத்த காப்புரிமைகள்.