தமிழ் எழுத்துத் தெரியாதவர்களோடு ஒரு நாடக வாசிப்பு

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை நாடகமாக எழுதியிருக்கிறேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மேடையேற்றப் பணம் இல்லை. கோயில் மண்டபத்தில் நாலு பேரைக் கூட்டி வாசித்துக் காட்டலாமா? வாசிக்க வருகிற பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

பதில்: தாராளமாக வாசிக்கலாம். எழுத்துத் தெரியாதது பெரிய தடையில்லை. டர்பன் பக்கம் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பேர் வாங்கிய நம் தெருக்கூத்தே வாத்தியார் சொல்லச் சொல்லக் காதால் கேட்டுப் படித்த வித்தைதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவரவர் தமிழ் வசனத்தை உங்கள் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், காட்சிக்கு ஒன்றாக. மொத்தமாக அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கையில் பிடித்துப் படிக்கும் பிரதியை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டிவரும். சறுக்குவது இங்கேதான். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போட்டால், ‘பழம்’ பிள்ளையின் வாயில் ‘பஸ்ஹம்’ ஆகிவிடும். எல் போட்டால் போதும். பண்டிதர்கள் கோபிக்கட்டும், நம் வீடுகளில் பாதி ‘பளம்’தானே! ‘ஆ’ என்ற நெடிலுக்கு ஆங்கில ‘ஏ’ எழுத்து இரண்டு கட்டாயம். இல்லாவிட்டால் பாட்டுப் பாட வேண்டியவர் பட்டுப் பாடுவார். எழுத்து நடையையும் உதறுங்கள். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எந்த ஆயாவும் சொன்னதில்லை, ‘வந்துகிட்டிருக்கேன்’தான். ஆங்கில வசனத்தையும் சாட்ஸ்வொர்த்தில் பேசுகிறபடியே விடுங்கள், இலக்கணம் திருத்த வேண்டாம்.

பெயர்களைப் பாருங்கள். என் முதல் வாசிப்பில் முருகன், முத்து, முனியம்மா என்று மூன்று பேர். தாளில் தொந்தரவே இல்லை. வேஷமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தபோது யார் யாருக்குப் பிள்ளை என்று கடைசிவரை யாருக்கும் புரியவில்லை. முதலெழுத்து ஒத்துப்போனால் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

ஆறு பேர் போதும், ஒருவரே இரண்டு பாத்திரம் வாசிக்கலாம். மேடைக்குறிப்பை வாசிக்க மட்டும் தனியாக ஒருவர் வேண்டும். ‘அவள் மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்க்கிறாள்’ வகைக் குறிப்புகளில் முக்கால்வாசியை வெட்டுங்கள். யார் வருகிறார், யார் போகிறார், எந்த இடம் என்பது தெரிந்தால் சரி. ஒரே ஒரு ஒத்திகை, வாசிப்புக்கு முந்தின நாள். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் திறமையில் உங்கள் நாடகத்தின் ஓட்டை மறைந்துபோகும்.

நாள் குறிக்கும்போது தைப்பூசக் காவடியையும் புரட்டாசி விரதத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறும் வேண்டாம், பாதிப் பேர் கல்யாணத்தில் இருப்பார்கள். சனி மதியம் மூன்று மணி நல்லது. ஜூன், ஜூலை நமக்குக் குளிர்காலம், சீக்கிரம் இருட்டிவிடும், வயதானவர்கள் கிளம்பப் பார்ப்பார்கள். மின்வெட்டுக்கு இரண்டு சார்ஜ் விளக்கு கொண்டுபோங்கள். டிக்கெட் வேண்டாம், டீயும் சமோசாவும் போதும்.

நீங்கள் வாசிக்கக் கூடாது, முன்வரிசையிலும் உட்காரக் கூடாது. சுவரோரம் பக்கவாட்டில் உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைப் பாருங்கள். எங்கே இருமுகிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள் என்று உங்கள் பிரதியின் ஓரத்தில் கோடு போடுங்கள். முடிந்ததும் இருபது நிமிடம் பேச்சு. அதை நடத்த வேறு ஒருவர். ‘பிடித்ததா?’ என்று கேட்டால் அண்ணன் அக்காமார் எல்லோரும் பிடித்தது என்பார்கள், ஒரு பிரயோசனமும் இல்லை. ‘எங்கே குழம்பினீர்கள்?’, ‘யார் இன்னும் பேசியிருக்கலாம்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் எதுவானாலும் நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

கதையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டு 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி வைத்ததுமே உரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை. அட்டையில் பெயர், தேதி, எத்தனையாவது வரைவு என்று போடுங்கள். இடையில் சினிமாப் பாட்டு ஓட விட வேண்டாம். பொதுவில் ஒலிக்க, இசை உரிமைகளைக் கவனிக்கும் சாம்ரோ அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டியிருக்கும். ‘பாட்டு ஒலிக்கிறது’ என்று குறிப்பு வாசிப்பவர் சொன்னால் போதும்.

வாசிப்பவர்களிடம் சொல்லிவிட்டு முழுவதையும் போனில் பதிவு செய்யுங்கள். அன்றே கேட்காதீர்கள், ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கேளுங்கள். வசனத்தைவிட நாற்காலி கிரீச்சிடுவது எங்கெல்லாம் கேட்கிறதோ, அந்தப் பக்கங்களிலிருந்து வெட்டத் தொடங்குங்கள்.