பூ விலைச் செயலியைப் பிரித்து வைக்கலாமா?

கேள்வி: தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் என் அண்ணனுக்காக, அன்றன்றைய பிச்சி, மல்லி, கேந்தி, அரளி விலைகளைக் காட்டும் வலைச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ஃபிரண்ட் எண்ட் (பார்ப்பவர் திரையில் ஓடும் பகுதி) ரியாக்ட், பேக் எண்ட் (சர்வரில் ஓடி விலைத் தரவைத் தரும் பகுதி) ஜாங்கோ. இரண்டும் 1 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே வாடகை சர்வரில் இருக்கின்றன. ஓணத்துக்கு முந்தைய நாள்களில் கேரள வியாபாரிகளும் சேர்ந்து திறந்ததால், விடியற்காலையில் வெள்ளைத் திரை மட்டுமே வந்தது. ஃபிரண்ட் எண்டை வேறிடத்தில் தனியாக வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். சரியாகுமா?
— வாசகர், தோவாளை

பதில்: பாதி சரியாகும். ரியாக்டை பில்டு செய்தபின் (வெளியிடத் தகுந்த கோப்புகளாக மாற்றியபின்) கிடைப்பவை வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள். அவற்றை எடுத்துக் கொடுப்பது ஒரு சர்வருக்குப் பெரிய வேலையே அன்று. உங்கள் சர்வரைத் திணறடித்தது, ஒவ்வொருவர் திறக்கும்போதும் ஜாங்கோ தரவுத்தளத்தைத் தட்டி எழுப்பி அதே விலையை மீண்டும் மீண்டும் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். நினைவகம் தீர்ந்தபோது, பாவம், அந்தக் கோப்புகளும் சேர்ந்தே முடங்கின. பிரித்து வைத்தால் கோப்புகள் தப்பிக்கும். ஜாங்கோவின் சுமை அப்படியே இருக்கும்.

ஆகவே, பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சந்தை விலை நொடிக்கு நொடி மாறுவதில்லை; காலையில் சில முறை மாறும், அவ்வளவுதான். விலைப் பட்டியலைத் தரும் ஏபிஐயின் (ஃபிரண்ட் எண்ட் கேட்பதற்கு பேக் எண்ட் விடை தரும் வாசல்) விடையை 30 நொடி கேச் செய்து, அதாவது தற்காலிகமாகச் சேமித்து, வைத்தால், அந்த 30 நொடிக்குள் ஆயிரம் பேர் கேட்டாலும் தரவுத்தளத்துக்குப் போவது ஒரே ஒரு கேள்வியாக இருக்கும். நண்பர் சொன்ன யோசனையைவிட இதில் உங்களுக்குப் பலன் அதிகம்.

அதன்பின் தாராளமாகப் பிரியுங்கள். கோப்புகளை கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற சேவையில் வைத்தால், அவை பல ஊர்களில் உள்ள சிடிஎன் (கோப்பு நகல்களைப் பார்ப்பவருக்கு அருகிலிருந்து தரும் வலையமைப்பு) சர்வர்களிலிருந்து போய்ச் சேரும். கிட்ஹப் பேஜஸும் இலவசமே. ஆனால் தளத்தின் அளவு 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது, மாதப் போக்குவரத்துக்கு 100 ஜிபி என்ற வரம்பும் உண்டு, இணைய வணிகம் நடத்துவதற்கு உரிய இடமும் அன்று. எங்கே வைத்தாலும், பேக் எண்ட் படுத்துவிட்டால் திரையில் என்ன வர வேண்டும் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அங்கிருந்தும் அதே வெள்ளைத் திரைதான் வரும். கடைசியாகக் கிடைத்த விலையை பிரவுசரிலேயே சேமித்து வைத்து, "காலை 4.10 மணி நிலவரம்" என்று தேதியோடு மேலே போட்டுக் காட்டுங்கள். நேரம் போடாமல் பழைய விலையைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல். பிச்சிக்கு நேற்றைய விலையைச் சொல்லி அண்ணன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

பிரித்தவுடன் நீங்கள் முதலில் சந்திக்கப் போவது கார்ஸ் (வேற்றிடத்திலிருந்து தரவைப் பெற பிரவுசர் கேட்கும் அனுமதி விதி) பிழை. முகவரியின் நெறிமுறை, டொமைன் (தளப் பெயர்), போர்ட் (இணைப்பு எண்) ஆகிய மூன்றில் எது மாறினாலும் பிரவுசருக்கு அது வேற்றிடம். ஏபிஐ தன் விடையில் "இந்த முகவரிக்கு அனுமதி உண்டு" என்று ஹெடரில் (விடையோடு சேர்ந்து வரும் குறிப்பு) சொல்லாத வரை, வந்த விடையைப் பக்கத்தின் நிரலுக்கு பிரவுசர் காட்டாது. வெறுமனே விலையைப் படிக்கும் கோரிக்கை நேராகப் போய்விடும். அண்ணன் புதிய விலையை ஜேசான் என்னும் தரவு வடிவில் அனுப்பும்போதோ, அதற்கு முன்பாக ஆப்ஷன்ஸ் என்னும் முன்னனுமதிக் கோரிக்கை ஒன்றை பிரவுசர் அனுப்பும். அதற்கும் ஜாங்கோ முறையாக விடை சொல்ல வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், ஒரே டொமைனில் "ஏபிஐ" என்று தொடங்கும் பாதைகளை மட்டும் பேக் எண்டுக்குத் திருப்பிவிடும் வசதி சில சேவைகளில் உண்டு.

இன்னும் ஒரு சங்கதி, புதுப்பிக்கும் வரிசை. இரண்டும் ஒன்றாக இருந்தவரை ஒரே நேரத்தில் மாறின, இனி மாறா. முந்தின நாள் திறந்த பக்கத்தை மூடாமலே கைப்பேசியில் வைத்திருக்கும் வியாபாரி, பழைய ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டுதான் உங்கள் புதிய ஏபிஐயைக் கேட்பார். எனவே முதலில் பேக் எண்டை, பழைய வடிவத்துக்கும் விடை தரும்படி மாற்றிவிட்டு, பிறகு ஃபிரண்ட் எண்டை மாற்றுங்கள். பில்டு செய்யும்போது பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) சேர்ந்த கோப்புகளை ஓராண்டு கேச் செய்யலாம். இண்டெக்ஸ் எச்டிஎம்எல் கோப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கச் சொல்லி வையுங்கள். குறுஞ்செய்தி சேவையின் ரகசியச் சாவி போன்றவை ஃபிரண்ட் எண்டில் இருக்கவே கூடாது; பில்டுக்குள் போனது எதுவும் ரகசியம் அன்று.

கேள்வி: இப்படிப் பிரித்துத்தான் வைத்திருக்கிறேன். ஃபிரண்ட் எண்ட் இலவச சேவை தந்த முகவரியிலும், ஏபிஐ என் சொந்த டொமைனிலும் உள்ளன. ஆண்ட்ராய்டில் லாகின் நிலைக்கிறது. ஐபோனில் மட்டும் உடனே வெளியே தள்ளிவிடுகிறது. ஏன்?
— வாசகி, குழித்துறை

பதில்: உங்கள் லாகின் குக்கீ (நீங்கள் உள்நுழைந்ததை நினைவில் வைக்க பிரவுசர் சேமிக்கும் சிறு தரவு), பக்கத்தின் டொமைனுக்கு அந்நியமான டொமைனிலிருந்து வருகிறது. அத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஐபோனின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச் முதல் முழுவதுமாகத் தடுக்கிறது. இதற்கு நேரான வழி ஒன்று உண்டு. ஃபிரண்ட் எண்டையும் உங்கள் சொந்த டொமைனின் சப்டொமைன் (அதே பெயருக்கு முன் ஒரு சொல் சேர்த்த முகவரி) ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். சப்டொமைன்கள் வேறுபட்டால் கார்ஸுக்கு அவை வேற்றிடமே. குக்கீக்கோ இரண்டும் ஒரே தளம். குக்கீயோடு கேட்கும்போது, அனுமதி ஹெடரில் நட்சத்திரக் குறி செல்லாது. ஃபிரண்ட் எண்டின் முழு முகவரியையே எழுத வேண்டும்.

கேள்வி: முகப்பு திறக்கிறது. உள்பக்கத்தில் ரீஃபிரெஷ் செய்தால் 404 ("பக்கம் இல்லை" என்னும் பிழை) வருகிறது.
— வாசகர், குளச்சல்

பதில்: அந்தப் பாதை உங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்குள் மட்டுமே உள்ளது, சர்வரில் அப்பெயரில் கோப்பு கிடையாது. கோப்பில்லாத எல்லாப் பாதைகளுக்கும் இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லையே தருமாறு சேவையின் அமைப்பில் ஒரு விதி எழுதுங்கள். கிட்ஹப் பேஜஸில் அப்படி விதி எழுத வழியில்லை. அங்கே இண்டெக்ஸ் கோப்பின் நகலை 404 என்ற பெயரில் வைப்பது வழக்கம். பக்கம் ஒழுங்காகத் திறக்கும், ஆனால் நிலைக்குறியீடு 404 என்றே போகும் என்பதால் தேடுபொறிகள் அந்தப் பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளா.