'தோற்கடி'யை எங்கே பிரிப்பது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் கபடிக் குழுவின் போட்டிச் செய்திகளை எழுதி நாளிதழ்களுக்கு அனுப்புவது நான்தான். ஃப்ளெக்ஸ் வாசகமும் என் பொறுப்பு. போன வாரம் வைத்த ஃப்ளெக்ஸில் 'பண்ருட்டி அணியைத் தோற்' என்று ஒரு வரி, 'கடித்தது' என்று அடுத்த வரி. யார் யாரைக் கடித்தது என்று ஊரே கேட்கிறது. 'எதிரியின் தோலைக் கடிப்பதுதான் தோற்கடி' என்கிறார் நண்பர். அது சரியா? வென்றது, வீழ்த்தியது, முறியடித்தது எல்லாம் ஒன்றுதானா?

பதில்: நண்பர் சொல்லும் பொருள் தவறு. ஆனால் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பது புரிகிறது. தோல் + பாவை தோற்பாவை ஆகிறது, தோல் + பை தோற்பை ஆகிறது. அந்தக் கணக்கில் தோல் + கடியும் தோற்கடி என்றுதான் வரும். இங்கே இருப்பதோ உடம்பின் தோல் அல்ல. 'தோல்' என்று ஒரு வினைச்சொல் உண்டு, தோல்வியடைதல் என்பது அதன் பொருள். தனியாக நாம் இன்று அதைச் சொல்வதில்லை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'கல்' என்ற வினையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கற்றான், கற்பான், கற்க, கல்வி. தோற்றான், தோற்பான், தோற்க, தோல்வி. இரண்டும் ஒரே அச்சு. ஆத்திசூடியில் சின்ன வயதில் படித்த 'தோற்பன தொடரேல்' இந்தத் தோல்தான்.

சரி, 'கடி' எங்கிருந்து வந்தது? அப்படி ஒன்று அதில் இல்லவே இல்லை. தோற்க + அடி என்பதுதான் பிரிப்பு. அடுத்தடுத்து வந்த இரண்டு அகரங்களில் ஒன்று மறைந்து தோற்கடி ஆகிவிட்டது. இந்த 'அடி'க்குக் கையால் அடிப்பது என்று பொருள் இல்லை. ஒருவரை ஒரு நிலைக்கு ஆளாக்குவது என்று பொருள். இதற்குக் கூடப்பிறந்த சொற்கள் நிறைய இருக்கின்றன: மூழ்கடி, சிதறடி, திணறடி, சாகடி, நோகடி, முறியடி. மூழ்குவது படகு, மூழ்கடிப்பது அலை. தோற்பது அவர்கள், தோற்கடிப்பது நீங்கள். இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 'அடி' பெரும்பாலும் கெடுதலுக்குத்தான் வருகிறது. யாரையும் நாம் 'சிரிக்கடிப்பது' இல்லை, சிரிக்க வைக்கிறோம். தூங்க வைக்கிறோம், சாப்பிட வைக்கிறோம். எதிராளிக்கு விருப்பமில்லாததை அவன்மேல் ஏற்றும்போது மட்டும் தமிழ் 'அடி'யை எடுத்துக்கொள்கிறது.

கல் என்பதில் இருந்து கற்பி வந்ததுபோல, தோற்பி என்றும் பழைய வழக்கு உண்டு. மலையாளம் அந்த வழியிலேயே நின்றுவிட்டது. நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த, மலையாளம் பேசும் மாஹேயில் கேட்டால் 'தோல்ப்பிச்சு' என்பார்கள். நம் பக்கத்துப் பேச்சில் 'தோக்கடிச்சுட்டோம்'. வேர் ஒன்றுதான்.

இனி உங்கள் செய்திகளுக்கு வருவோம். தோற்கடிக்க எதிரே ஆள் வேண்டும். ஓர் அணி, ஒரு படை, ஒரு வேட்பாளர். கோப்பையையோ போட்டியையோ தோற்கடிக்க முடியாது. வெல் அப்படி இல்லை, எதிரணியை வெல்லலாம், போட்டியை வெல்லலாம், கோப்பையையும் வெல்லலாம். ஆளை வெல்வது புது வழக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 'பகல்வெல்லும் கூகையைக் காக்கை' என்பது குறள் (481). பகலில் ஆந்தையைக் காகம் வென்றுவிடும் என்று வள்ளுவரே ஆளை வைத்துத்தான் எழுதியிருக்கிறார். பேச்சில் வரும் ஜெயிப்பதும் வெல்வதைப் போலத்தான் நடக்கும், செய்தியில் வெல்வதே நன்றாக இருக்கும்.

முறியடிக்கு எதிராளியின் முயற்சியும் திட்டமும் நன்றாகப் பொருந்தும். சாதனைக்கும் அதுதான் சொல். நம் ஊர் வரலாற்றிலேயே உதாரணம் கிடைக்கிறது. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். பிரெஞ்சுக்காரர்கள் அந்த முற்றுகையை முறியடித்தனர். 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தனர். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியைக் கைப்பற்றினர். முற்றுகைக்கு ஒரு வினை, படைக்கு ஒரு வினை, ஊருக்கு ஒரு வினை. மூன்றையும் இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் நொண்டும்.

வீழ்த்து என்பது வீழச் செய்வது. ஆளைப் பிடித்து மண்ணில் சாய்க்கும் கபடிக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. ஆனால் ஒரே ஒரு புள்ளியில் முடிந்த ஆட்டத்துக்கு வீழ்த்தியது என்று நான் எழுத மாட்டேன். எதிரணி விழவில்லையே, கடைசி நொடி வரை நின்று ஆடியிருக்கிறது. அங்கே 'வென்றது' போதும்.

ஒரு தவறை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். 'எதிரணியைத் தோற்றுவித்தது' என்று எழுதக்கூடாது. தோற்றுவித்தல் தோன்று என்பதில் இருந்து வந்தது. புதிதாக ஒன்றை உண்டாக்குவது. சங்கத்தைத் தோற்றுவிக்கலாம், எதிரணியை முடியாது. அப்புறம், 'தோற்கடிக்கப்பட்டது' என்று நீட்ட வேண்டாம், 'தோற்றது' என்றாலே விளங்கும். தோற்றது என்று எழுதும்போது வென்றவர் பெயரோடு 'இடம்' வரும்: பண்ருட்டி அணி கடலூர் அணியிடம் தோற்றது. தோற்கடித்தது என்றால் 'ஐ'யும் அதன் பின்னே 'த்'தும் வரும்: அணியைத் தோற்கடித்தது. வென்றதற்கு முன் ஒற்று வேண்டாம்: அணியை வென்றது.

ஃப்ளெக்ஸ் அடிப்பவரிடம் தோற்கடித்தது என்பதை உடைக்காமல் ஒரே வரியில் வைக்கச் சொல்லுங்கள். எழுத்தின் அளவைக் குறைத்தாலும் பரவாயில்லை. அதற்கும் இடம் இல்லையென்றால், 'பண்ருட்டி அணியை' என்று மேலே, 'வென்றது கடலூர்' என்று கீழே பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.