'எல்லோருக்கும் ஏற்றது' என்று எழுதியிருந்தால்? – ராஃப்டிங், கயாக் கேள்வி-பதில்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ரிஷிகேஷ் போகிறோம். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் 'கங்கையில் ராஃப்டிங், எல்லோருக்கும் ஏற்றது' என்று இருக்கிறது. மனைவிக்கு நீச்சல் தெரியாது. மகனுக்கு 11 வயது, அப்பாவுக்கு 68. நம்பி முன்பணம் கட்டலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். ராஃப்டிங் என்பது ரப்பர் படகில் ஆற்றின் பாய்ச்சல்களில் இறங்கிப் போவது. அதைப் பொதுவாக யாரும் விற்க முடியாது. ஆற்றில் எங்கே ஏறி எங்கே இறங்குகிறீர்கள் என்பதுதான் சரக்கு. அது எழுதப்படாத ரசீது, துணியின் அளவு எழுதாத ஜவுளிக்கடை ரசீதைப் போன்றது.

ரிஷிகேஷில் பிரம்மபுரியில் ஏறினால் சுமார் 9 கிலோமீட்டர். சிவபுரியில் ஏறினால் 16. இன்னும் மேலே மரைன் டிரைவ், அதற்கும் மேலே கௌடியாலா. கௌடியாலாவிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர் வரும். தூரம் கூடக்கூட நீரின் வேகமும் முரட்டுத்தனமும் கூடும். இதை 1 முதல் 6 வரை கிரேடு என்று அளக்கிறார்கள். 1 என்பது சிற்றலையோடு ஓடும் தண்ணீர். 3 என்றால் ஒழுங்கில்லாத அலை படகுக்குள் வந்து விழும். 6 அநேகமாக யாருமே இறங்காத இடம். பிரம்மபுரிப் பாதை 1, 2 என்ற அளவில் இருக்கும். சிவபுரிப் பாதையில் கிரேடு 3 பாய்ச்சல்கள் வரும். கௌடியாலாப் பக்கம் உள்ள 'தி வால்' என்ற பாய்ச்சல் கிரேடு 4-ஐத் தாண்டுவது. முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். கிரேடு என்பது கல்லில் வெட்டிய எண்ணும் அல்ல. மே மாதத்தில் மலையில் பனி உருகி நீர் கூடினால் அதே இடம் வேறு முகம் காட்டும்.

உங்கள் குடும்பத்துக்கு வருவோம். மகனை ஏற்ற வேண்டாம். அங்கே 14 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. 'பரவாயில்லை, ஏற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லும் கம்பெனியிடம் நீங்களும் ஏறாதீர்கள். அப்பாவும் கரையில் இருக்கட்டும். கங்கையின் குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு திணறும், இதயம் படபடக்கும். 68 வயதில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. மனைவிக்கு நீச்சல் தெரியாதது பிரம்மபுரிப் பாதைக்குத் தடையில்லை, ஆனால் வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் வேறு அளவு கேளுங்கள். படகிலிருந்து விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். இவ்வளவையும் கரையிலேயே சொல்லித்தராத வழிகாட்டியோடு போகாதீர்கள்.

ஏஜென்ட்டிடம் இனிக் கேட்க வேண்டியவை: படகை இயக்கும் கம்பெனியின் பெயர், அதற்கு உத்தராகண்ட் அரசின் உரிமம், விழுந்தவரை மீட்கக் கூடவே பாதுகாப்புக் கயாக் (சிறு துடுப்புப் படகு) வருமா, வீடியோவுக்குத் தனிக் கட்டணமா. கடைசியாகச் சொன்னதில்தான் பலருக்குக் கரையேறிய பிறகு சண்டை வருகிறது.

கேள்வி: நான் மீனவக் குடும்பம். சிறு வயதிலிருந்தே வள்ளத்தில் போகிறேன், நன்றாக நீந்துவேன். கயாக் பயிற்சியில் தொடக்க நிலையைத் தவிர்த்து நேராக அடுத்த நிலைக்குப் பணம் கட்டலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் நீச்சலும் தைரியமும் பெரிய மூலதனம்தான். ஆனாலும் தொடக்க நிலைக்கே கட்டுங்கள். கடலில் அலை நகரும், தண்ணீர் ஏறக்குறைய நின்ற இடத்தில் ஏறி இறங்கும். ஆற்றுப் பாய்ச்சலில் அலை ஒரே இடத்தில் நிற்கும், தண்ணீர் அதற்குள் ஓடும். பாறைக்குப் பின்னால் நீர் சுருண்டு திரும்பி, விழுந்தவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. கடியபட்டணத்துக் கடலில் கற்றது அங்கே கைகொடுக்காது.

ஆற்றுப் பாய்ச்சலுக்கான கயாக்கில் இடுப்பைச் சுற்றி உறை மாட்டி அமர்வார்கள். கவிழ்ந்தால் தலைகீழாக இருந்தபடி உறையைக் கழற்றி வெளியேறுவது முதல் பாடம். துடுப்பாலேயே படகை நிமிர்த்துவது அடுத்தது. இரண்டையும் அமைதியான நீரில்தான் பழக வேண்டும். ஒரு மணி நேரத்தில் 'கயாக் பயிற்சி' என்று விற்பவர்கள் தருவது மேலே அமர்ந்து துழாவும் உல்லாசப் படகு. மணக்குடிக் காயல் போன்ற நீருக்கு அது நல்லது, பாய்ச்சலுக்கு உதவாது. கையிருப்பு குறைவென்றால் முதலில் மழைக்காலத்தில் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிக்குப் போய், மலபார் நதித் திருவிழாவில் தேர்ந்தவர்கள் இறங்குவதைப் பாருங்கள். எந்த நிலைக்குக் கட்டலாம் என்பது அங்கேயே தெளிந்துவிடும்.

கேள்வி: நண்பர்களோடு தாண்டேலி போனோம். 9 கிலோமீட்டர் ராஃப்டிங் என்று பணம் வாங்கிவிட்டு, அணையில் தண்ணீர் விடவில்லை என்று அமைதியான நீரில் கொஞ்ச தூரம் சுற்றிக் காட்டினார்கள். பணத்தைக் கேட்டால், நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், தக்கலை

பதில்: தாண்டேலியில் ஓடும் காளி ஆற்றில் ராஃப்டிங் நடப்பது சூப்பா அணையிலிருந்து நீர் விடுவதைப் பொறுத்தது. நீர் வராதது கம்பெனியின் குற்றமில்லை. வராத நீருக்குக் காசு வாங்கியது குற்றம். நீங்கள் கையெழுத்திட்டது ஆபத்தை அறிந்து இறங்குகிறேன் என்பதற்கு. 9 கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்து அதில் ஒரு பகுதியை மட்டும் பெற்றுக்கொள்கிறேன் என்பதற்கு அல்ல. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சேவை தருபவரின் கவனக்குறைவால் வரும் இழப்பையும் காயத்தையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. கிழிந்த ஜாக்கெட்டால் அடிபட்டவர், படிவத்தில் கையெழுத்திட்டோமே என்று வாயடைத்து இருக்க வேண்டியதில்லை.

விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி கர்நாடகத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் காற்றடைக்கும் கயாக் வாங்கியிருக்கிறேன். திற்பரப்புக்கு மேலே கோதையாற்றில் பிள்ளைகளோடு இறங்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: கூடாது. பேச்சிப்பாறை அணையில் நீர் திறந்தால் ஆறு எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியும். நீங்கள் இறங்கும் இடத்துக்குக் கீழே திற்பரப்பு அருவி இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது என்றும் படித்துப் பாருங்கள். இன்னும் பிரிக்கவில்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.